முகூர்த்தம் தவறும் மலைப்பூக்கள்

பொழுது போகாமல் மனிதன் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவை வீட்டுக்கும் உதவாமல் நாட்டுக்கும் உதவாமல் போவதே உலக வழக்கம் என்றாலும், அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து மலைகளில், காதிக் என்னும் இடத்துக்கு அருகே தன்னந்தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கப் போன பில்லி பார் என்ற இளைஞர், 1970-களின் தொடக்கத்தில், வேறு வேலை இல்லாத குறையினால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்த கணக்கு மட்டும் அப்படி வீண்போகவில்லை. இன்றைக்கு எத்தனை அங்குலம் பனி விழுந்தது, தரையில் கிடக்கும் பனியின் ஆழம் எவ்வளவு, விடியற்காலைக் குளிர் எத்தனை டிகிரி, குளிர்கால உறக்கம் கலைந்து முதல் விலங்கு வெளியே வந்தது எந்தத் தேதி, முதல் வசந்தப் பறவை கண்ணில் பட்டது எந்தத் தேதி என்று, மளிகைக் கடைக்காரர் பற்று வரவு எழுதுவதுபோல அவர் வருஷா வருஷம் எழுதிவந்தார். எதையும் நிரூபிக்கும் நோக்கத்தோடு எழுதியதல்ல அது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். நோக்கமில்லாமல் எழுதியதனாலேயே அந்தக் கணக்குக்கு ஒரு தனி யோக்கியதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முடிவை முன்கூட்டித் தீர்மானித்துக்கொண்டு எண்ண ஆரம்பிக்கிறவனுடைய எண்ணிக்கையை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

காதிக் என்பது 1880-களில் வெள்ளிச் சுரங்கத்தை நம்பி எழும்பி, வெள்ளி கைகொடுக்காமல் போகவே ஜனங்களால் கைவிடப்பட்ட பாழூர். நம் தொட்டபெட்டாச் சிகரத்தைக் காட்டிலும் இருநூற்றைம்பது மீட்டருக்கு மேல் உயரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,900 மீட்டரில் உள்ள அந்த இடத்தில், 1928-ல் ராக்கி மலை உயிரியல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அங்கே மாணவராக வந்து சேர்ந்த டேவிட் இனூயே என்பவர், 1973-ம் வருஷம் முதல், மலைப்புல்வெளியில் இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமுமாகச் சிறு சிறு சதுரங்களை அளந்து வைத்துக்கொண்டு, பூக்காலம் முழுவதும் ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்குள் மலர்ந்திருக்கும் பூக்களை இனம் இனமாக எண்ணிக் குறிக்கும் வேலையைத் தொடங்கினார். பூ எண்ணுவது குழந்தைகூடச் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் தலை நரைக்கும் வரையில் அதையே விடாமல் செய்வதற்குத் தவம் என்றுதான் பெயர் சொல்ல வேண்டும். 1974 முதல் 2012 வரையில் 39 ஆண்டுகளில், இனூயேயும் அவரோடு சேர்ந்தவர்களும் எண்ணிய பூக்கள் இருபது லட்சத்துக்கு மேல். அந்த எண்ணிக்கையைப் பல்லாண்டு கழித்து பில்லி பாரின் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான், அந்த மலையின் பருவங்களுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பது பிரத்தியட்சமாயிற்று.

மேலே போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நம் பாஷையில் 'பனி' என்ற ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. மார்கழிப் புல்நுனியில் முத்துப்போல் தொங்குவதும் பனி. உதகையில் தை மாதத்து விடியலில் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல் படிந்து கிடப்பதும் பனி. இமயமலையில் வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்கி ஆள் உயரத்துக்குக் குவிவதும் பனி. சமவெளியில் வாழ்ந்தவர்களுக்கு இதற்குமேல் பாகுபாடு தேவைப்படவில்லை. ஆனால் இந்தக் கதையில் இரண்டாவது பனியும் மூன்றாவது பனியும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பவை. ஒன்று செடியைக் கொல்வது, மற்றது செடியைக் காப்பது. ஆகையால் தரையில் உறைந்து படிவதை உறைபனி என்றும், வானத்திலிருந்து விழுந்து குவிவதை வெண்பனி என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

வெண்பனி காக்குமா என்று கேட்கலாம். மேலே காற்றின் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரையில் இறங்கியிருக்கும்போதும், ஒரு மீட்டர் வெண்பனிக்கு அடியில் உள்ள மண் ஏறத்தாழப் பூஜ்யத்திலேயே நிற்கும்; காற்றைத் தனக்குள் சிறைப்படுத்தி வைத்திருக்கும் கம்பளி உடம்புச் சூட்டைக் காப்பதுபோலவே, துகள்களுக்கிடையே காற்றை வைத்திருக்கும் வெண்பனியும் மண்ணின் சூட்டைக் காக்கிறது. அந்தக் கம்பளிக்கடியில் வேரும் கிழங்கும் குருத்தும் ஏழெட்டு மாதம் பத்திரமாகத் தூங்குகின்றன. தூங்குகின்றன என்பதும் முழு உண்மையல்ல. உயரமான மலைகளில் கோடை சில வாரங்களே நீடிப்பதால், மொட்டுக் கட்டுவதிலிருந்து விதை முதிர்வது வரையில் அத்தனையையும் ஒரே கோடையில் முடிக்க அவகாசம் போதாது. எனவே அநேகச் செடிகள் அடுத்த வருஷத்துப் பூவுக்கு இந்த வருஷமே மண்ணுக்குள் கருக்கட்டிவைத்துவிடுகின்றன. கொலராடோ மலைகளிலேயே, பிஸ்டார்ட்டா என்னும் சிறு செடி ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் ஒரு பூங்கொத்து கருவாகத் தோன்றியதிலிருந்து வெளியே வந்து விரிவதற்கு நான்கு வருஷம் ஆவது தெரியவந்தது. இன்று நாம் காணும் பூ நான்கு கோடைகளின் சேமிப்பு என்றால், இன்று வாய்த்த நல்லகாலமும் கெட்டகாலமும் நான்கு வருஷம் கழித்தல்லவா கண்ணுக்குத் தெரியும்!

இப்படிப் பொறுமையாகக் காத்திருக்கும் செடி, வெளியே வருவதற்கு உரிய நாளை எப்படி அறிகிறது? நம் பஞ்சாங்கத்துக்கு அங்கங்கள் ஐந்து. மலைச்செடியின் பஞ்சாங்கத்துக்கு மூன்று. ஒன்று, பகலின் நீளம். இரண்டு, உஷ்ணம், இதற்கு இரண்டு முகங்கள் உண்டு, குளிர்காலத்தில் போதுமான குளிரை அனுபவித்துத் தீர்த்தாயிற்றா என்பது ஒன்று, வசந்தத்தில் போதுமான சூடு சேர்ந்துவிட்டதா என்பது மற்றொன்று. மூன்றாவது, தலைக்குமேல் இருக்கும் வெண்பனி கரைந்து விலகுதல். எல்லாச் செடியும் எல்லா அங்கத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் பணியாற்றிய கிறிஸ்டியன் கோர்னர் என்ற தாவர விஞ்ஞானியும் அவரது சகாவும் ஆல்ப்ஸ் மலைச் செடிகளை வைத்துச் சோதித்தபோது, அவற்றில் ஏறத்தாழப் பாதி பகலின் நீளத்துக்குக் கட்டுப்பட்டவையாகவும், மறுபாதி அதைச் சட்டை செய்யாதவையாகவும் இருந்தன.

இந்த மூன்று அங்கங்களில் முதலாவதை மனிதன் தொட முடியாது. பூமியின் சாய்வும் சுழற்சியும் தீர்மானிக்கிற பகலின் நீளம், நாம் எத்தனை கோடி டன் நிலக்கரியை எரித்தாலும் ஒரு நிமிஷங்கூட மாறாது. மற்ற இரண்டும் மாறிவிட்டன. காற்று சூடேறியது, வெண்பனி முந்திக் கரைந்தது, போதாக்குறைக்கு, தென்மேற்கே உள்ள பாலைவனங்களிலிருந்து காற்று அள்ளிவரும் செம்புழுதி அந்த வெள்ளைப் போர்வையின்மேல் படிந்து அதைக் கறுக்கடித்து, வெயிலை உறிஞ்சச் செய்து, இன்னும் வேகமாகக் கரைக்கிறது. பஞ்சாங்கத்தில் திதி ஒரு நாளிலும் நட்சத்திரம் ஒரு நாளிலுமாகப் பிரிந்து நின்றால் முகூர்த்தம் எப்படி அமையும்? அதுதான் மலைகளில் நடக்கிறது.

விளைவு இது: காதிக்கில் முன்பெல்லாம் மே மாதக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் முதலில் முடிந்த பூக்காலம், ஏப்ரல் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் கடைசி வரையில் நீண்டுவிட்டது. 60 இனங்களை ஆராய்ந்த அந்தக் கணக்கின்படி, 39 வருஷங்களில் பூக்காலம் 35 நாட்கள் கூடியிருக்கிறது. கேட்டவுடன் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஒரு மாதம் அதிகமாகப் பூ கிடைத்தால் வேண்டாம் என்பார் யார்? நானும் முதலில் இதைப் படித்தபோது, குளிரில் விறைத்துக் கிடந்த மலைக்கு ஒரு மாத வசந்தம் இனாமாகக் கிடைத்திருக்கிறது என்றே எண்ணினேன். அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரு சூரியகாந்தி மொட்டு.

ஆஸ்பென் சூரியகாந்தி என்று அங்கே அழைக்கப்படும் செடி, ஆஸ்பென் மரத்தோப்புகளின் ஓரத்திலும் திறந்த புல்வெளியிலும் முழங்காலுக்கு மேல் வளர்ந்து, மஞ்சள் முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு நிற்கும். அதன் மொட்டைச் சுற்றியுள்ள பசிய செதில்களில் தேன் கசியும். அந்தத் தேனைத் தின்ன வரும் எறும்புகள், கூலிக்குக் காவல் காப்பவைபோல, விதையைக் கெடுக்கும் ஈக்களை மொட்டின்மேல் உட்காரவிடாமல் துரத்தும். பழைய நாட்களில் வெண்பனி தாமதமாகக் கரைந்தபடியால், இந்தச் செடி மொட்டு வைக்கும்போது உறைபனி வரும் இரவுகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். இப்போது வெண்பனி முந்திக் கரைகிறது. செடியும் முந்தி எழுந்து மொட்டு வைக்கிறது. ஆனால் ஜூன் மாதத்து உறைபனி இரவுகள் அதே வேகத்தில் முந்திக்கொண்டு விலகிப் போகவில்லை. மேகமே இல்லாத ஒரு மாலையில், தரையின் சூடெல்லாம் ஆகாயத்துக்கு ஏறிப் போய்விட, விடியற்காலையில் மொட்டுக்குள் இருக்கும் நீர் உறைகிறது. வெயில் ஏறி அது இளகும்போது பார்த்தால், நேற்று விரலுக்கு உறுதியாய் இருந்த மொட்டு, சுட்ட கத்தரிக்காய்போல் தொளதொளத்துக் கறுத்துத் தலை தொங்கிவிடுகிறது. இலைகளுக்குப் பெரிய சேதம் இல்லை. எறும்பு மாத்திரம் பழைய வழக்கப்படி ஏறிவந்து, தேன் இல்லாத செதிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குகிறது.

1992 முதல் 1998 வரையில் இந்தச் சூரியகாந்தியின் மொட்டுகளில் உறைபனிக்கு இரையானவை சராசரி 36 சதவிகிதம். 1999 முதல் 2006 வரையில் அது 74 சதவிகிதம். நான்கில் மூன்று மொட்டு கருகுகிறது என்றால், தோட்டக்காரன் தோட்டத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுவான். செடி அப்படிப் போவதில்லை. அது பல பத்தாண்டுகள் வாழ்கிற இனம். இலை விட்டு, வேர் பிடித்து, பச்சையாகவே நிற்கிறது. வழிப்போக்கன் பார்த்தால் புல்வெளி செழிப்பாக இருப்பதாகவே சொல்வான். பூவில்லை, விதையில்லை, நாற்றில்லை. கிழவர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிராமத்தைப்போல, அடுத்த தலைமுறை இல்லாமல் ஒரு தலைமுறை நீடித்து நிற்கிறது. இதில் எனக்குப் பயங்கரமாகத் தோன்றுவது அந்தப் பச்சைதான்.

செடி தனியாக வாழும் பிராணியாய் இருந்தால் இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பூவின் தேதியையும் நம்பி வேறு சிலர் பிரயாணத்துக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அகன்ற வால் ஹம்மிங் பறவை என்பது, நம் ஊர்த் தேன்சிட்டுக்கு உறவல்ல என்றாலும் தொழிலால் பங்காளி; கட்டைவிரல் அளவே உள்ள அந்தச் சிறு ஜீவன் குளிர்காலத்தை மெக்ஸிகோவிலும் அதற்குத் தெற்கிலும் கழித்துவிட்டு, வசந்தத்தில் ராக்கி மலைகளுக்கு வந்து கூடு கட்டுகிறது. வந்து இறங்கியவுடன் அதற்குத் தேன் வேண்டும். வெண்பனி விலகும் விளிம்பிலேயே, ஈரம் சொட்டச் சொட்ட, சில சமயம் மிச்சப் பனியைத் துளைத்துக்கொண்டே தலைகாட்டும் கிளேசியர் லில்லி என்ற மஞ்சள் பூதான் அங்கே முதல் பந்தி. இந்த லில்லி 1970-களில் பூத்ததைவிட 17 நாட்கள் முந்திப் பூக்கத் தொடங்கிவிட்டது. பறவையோ, வெகுதூரத்துக்கு அப்பால் இருந்துகொண்டு காதிக்கில் பனி கரைந்துவிட்டதா என்பதை எப்படி அறியும்? பறவை வந்து சேருவதற்கும் முதல் பூ மலர்வதற்கும் இடையே இருந்த அவகாசம், நாற்பது வருஷத்துக்குள் 13 நாள் சுருங்கிப்போயிற்று. இந்தப் போக்கு நீடித்தால், இலை எடுத்த பிறகு பந்திக்கு வந்து நிற்கும் விருந்தாளியின் கதிதான் அதற்கு.

நேர்மாறான வேடிக்கையும் உண்டு. மார்மட் என்ற, கீரிப்பிள்ளையைவிடப் பருத்த மலை அணில், வளைக்குள் மாதக்கணக்கில் உறங்குவது. பில்லி பாரின் நோட்டுப் புத்தகத்தில் அது முதலில் வெளியே வந்த நாள் வருஷந்தோறும் இருந்தபடியால், 1999-ல் கணக்குப் பார்த்தபோது, 23 வருஷத்துக்கு முன் எழுந்ததைவிட 38 நாட்கள் முந்தி எழுவதாகத் தெரிந்தது. காற்றின் உஷ்ணம் அதை எழுப்பிவிட்டது; ஆனால் அந்த ஆண்டுகளில் வெண்பனி அதே அளவு முந்திக் கரையவில்லை. பசியோடு கண்ணைத் திறந்து வந்த மார்மட், தின்பதற்கு ஒரு புல்லும் இல்லாமல் எட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று கிடக்கும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பூ முந்திக்கொண்டால் பறவைக்குக் கஷ்டம். விலங்கு முந்திக்கொண்டால் விலங்குக்கே கஷ்டம். நம் இலக்கணக்காரர்கள் நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருள் என்றும், அவற்றைப் பற்றி நிற்கும் பூ, பறவை, விலங்கு, மரம் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தார்களே, அது அகப்பாட்டுக்காக வகுத்தது என்றாலும், இந்த மலைக்கும் அதைவிடத் தெளிவான சூத்திரம் கிடையாது. காதிக்கில் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பொழுது பெயர்ந்துவிட்டது.

கூடிய 35 நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூக்காலத்தின் நீளம் கூடியதே தவிர, நடுக்கோடையில் பூக்கள் குறைந்து, முன்னும் பின்னும் திமிலாய் உயர்ந்து நடுவில் பள்ளம் விழுந்ததுபோல் ஆகிவிட்ட இடங்கள் உண்டு. பனி முந்திக் கரைந்தால் அந்த நீரும் முந்தி ஓடிவிடுகிறது. ஆகவே நடுக்கோடையில் மண் வறள்கிறது. நம் தேனீயைப்போல் அடை நிறையச் சேர்த்து வைக்கத் தெரியாத மலை வண்டினங்கள், அன்றாடம் கொண்டுவந்து அன்றாடம் சாப்பிடும் குடும்பங்கள். அவற்றுக்கு இடையில் விழும் இரண்டு வாரப் பஞ்சம் சாமானியமானதல்ல. வருங்காலத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று ஜான் ஹார்ட் என்ற விஞ்ஞானி 1991-ல் அதே மலையில் சில பாத்திகளுக்குமேல் மின்சாரக் கணப்புகளைத் தொங்கவிட்டு, இரவும் பகலும், குளிரிலும் கோடையிலும், ஏறத்தாழ முப்பது வருஷம் அணைக்காமல் வைத்திருந்தார். கணப்புக்கடியில் வெண்பனி வாரக்கணக்கில் முந்திக் கரைந்தது; வண்ணப் பூச்செடிகள் மெலிந்தன; வறண்ட நிலத்துக்குரிய சாம்பல் நிறச் சேஜ் புதர்கள் தலையெடுத்தன. ஒரு புல்வெளி புதர்க்காடாவதை மனிதன் தன் ஆயுளுக்குள் கண்ணால் பார்க்க முடிந்தது.

இதுவரையில் சொன்னதெல்லாம் வசந்தத்தின் சூட்டைப் பற்றியது. உஷ்ணத்தின் மற்றொரு முகமான குளிர்காலக் குளிர் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் அமெரிக்கா வரையில் போக வேண்டியதில்லை. இமாசலப் பிரதேசத்தில் கோட்கர் என்ற ஊரில் குடியேறி, நம் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் சென்று, பின்னர் சத்தியானந்தர் என்று பெயர் பூண்ட ஸாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், 1916 வாக்கில் தம் நாட்டுச் சிவப்பு ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து அந்த மலைநாட்டின் ஜீவனமே ஆப்பிளாயிற்று. அந்த ஆப்பிளுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: குளிர்காலத்தில், 7 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிர் மொத்தத்தில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரமாவது அதன்மேல் பட்டாக வேண்டும். அந்த அளவு பூர்த்தியாகாவிட்டால் மொட்டுக்கு உறக்கம் தெளிவதில்லை. வசந்தம் வந்தாலும், ராத்திரியெல்லாம் கண்விழித்தவன் காலையில் தடுமாறுவதுபோல, ஒரு கிளையில் பூவும் மறுகிளையில் வெறும் மொட்டுமாக, மகரந்தச் சேர்க்கைக்கு உதவாமல் தாறுமாறாகப் பூக்கிறது. வெண்பனியை வெள்ளை உரம் என்று அங்கே சொல்வது வெறும் அலங்காரமல்ல. அந்த உரம் குறையவே, குலுப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் ஆப்பிளை வெட்டிவிட்டு மாதுளையும் காய்கறியும் போட்டவர்கள் அநேகர். ஒருகாலத்தில் குளிர் மிகுதியால் ஆப்பிள் வராது என்று ஒதுக்கப்பட்ட கின்னௌரிலும் லாஹௌலிலும் இன்று ஆப்பிள் காய்க்கிறது. மனிதன் நட்ட மரத்தை மனிதனே மேலே தூக்கிக்கொண்டு போகிறான். காட்டு மரத்தை யார் தூக்குவார்?

சீனாவின் யுன்னான் மலைகளில் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளாகப் பலர் சேகரித்து உலர்த்தி ஒட்டிவைத்த ரோடோடெண்ட்ரான் மாதிரிகள் பதினாயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் பரிசீலித்தவர்களும் குளிர் குறைவதன் விளைவையே கண்டார்கள்: வருஷத்து உஷ்ணம் ஏறினால் பூ முந்துகிறது, இலையுதிர்காலத்து உஷ்ணம் மட்டும் ஏறினால் பூ பிந்துகிறது. திபெத்திய பீடபூமியைப் பற்றியோ ஒரு வழக்கே நடந்தது. 1982 முதல் 2006 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த ஒரு குழுவினர், அங்கே புல்வெளி பச்சை கட்டும் நாள் 1990-களின் நடுப்பகுதி வரையில் முந்திவந்து, பிறகு உஷ்ணம் ஏறிக்கொண்டிருந்தபோதும் பின்வாங்கிவிட்டது, குளிர்காலக் குளிர் போதாமையே காரணமாக இருக்கலாம், என்று 2010-ல் எழுதினார்கள். மூன்று வருஷம் கழித்து வேறொரு குழுவினர், பழுது புல்லில் அல்ல, பழைய செயற்கைக்கோளின் கண்ணில்தான், வேறு செயற்கைக்கோள்களின் படங்களில் பச்சை முந்திக்கொண்டேதான் இருக்கிறது என்று மறுத்தார்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்துப் புல்லின் மனத்தை ஆகாயத்திலிருந்து அறிவதில் உள்ள சிரமம் இது. காதிக்கில் மண்டியிட்டு எண்ணியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தூக்கிச் செல்ல ஆள் இல்லாவிட்டாலும் செடிகள் தாமாகவே மேலே ஏறத்தான் செய்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஆகவே ஒரு டிகிரி சூடேறிய உலகத்தில் பழைய குளிரை நாடும் செடிக்கு நூற்றைம்பது மீட்டர் மேலே போனால் பழைய வீடு கிடைக்கும். ஸ்விட்ஸர்லாந்தில் பிட்ஸ் லினார்ட் என்ற 3,410 மீட்டர் சிகரத்தின் உச்சிக்கு 1835-ல் ஏறிய ஆஸ்வால்ட் ஹேர் என்பவர், அங்கே பூக்கும் செடி ஒன்றே ஒன்றைத்தான் கண்டார். 2011-ல் அதே உச்சியில் 16 இனங்கள். ஐரோப்பாவில் 302 சிகரங்களின் பழைய புதிய கணக்குகளை ஒப்பிட்டதில், 2007-க்கும் 2016-க்கும் இடையே உச்சிகளில் புதிதாகக் குடியேறிய இனங்கள், ஐம்பது வருஷத்துக்கு முந்திய பத்தாண்டில் குடியேறியவற்றைப்போல் ஐந்து மடங்கு. இதையும் செழிப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள், மலையின் வடிவத்தை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏற ஏற இடம் குறுகுகிறது. கீழேயிருந்து வரும் உயரமான செடிகளின் நிழலில், ஏற்கெனவே உச்சியில் இருந்த குள்ளச் செடிக்கு, அதற்குமேல் போக ஆகாயம்தான் இருக்கிறது.

நம் நீலகிரியில் வெண்பனி கிடையாது, உறைபனி உண்டு. தை மாதத்தில் ஒருநாள் விடியுமுன் உதகைக்கு அப்பால் ஒரு புல்வெளி ஓரத்தில் நின்றேன். சரிவில் ஒவ்வொரு புல்லும் வெள்ளி முலாம் பூசிக்கொண்டு நிமிர்ந்திருந்தது. மடிப்பில் இருந்த சோலைக்காட்டுக்குள் நான்கு அடி வைத்தால் இலை ஈரமாக இருந்ததே தவிர, உறையவில்லை. சோலை மரங்கள் ஏன் மடிப்பைவிட்டு வெளியே வந்து புல்வெளியைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது பழைய கேள்வி. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் புல்வெளியில் நாற்று நட்டுப் பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, வெட்டவெளியின் உறைபனியைச் சோலை மரக் கன்றுகள் தாங்குவதில்லை என்று காட்டியது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீகை மரத்தின் கன்றுகள் அவற்றைவிட நன்றாகத் தாங்கின. சற்றே சூடாக்கிவைத்த கூண்டுக்குள் கன்றுகள் பிழைப்பது அதிகமாயிற்று. காதிக்கில் மொட்டைக் கொல்லும் அதே உறைபனி, நீலகிரியில் புல்வெளிக்கு வேலியாக நிற்கிறது. தேயிலைக்காரரும் காய்கறி போடுகிறவரும், மிலாறுகளையும் ஓலைகளையும் போர்த்தி நாற்றைக் காப்பாற்றிக்கொண்டு, உறைபனி ஒழிந்தால் போதும் என்று வேண்டுவது நியாயம்தான். ஆனால் அது ஒழிந்தால், ஏற்கெனவே புல்வெளியை விழுங்கிவரும் சீகைக்கு எஞ்சியிருக்கும் தடையும் ஒழிந்தது என்று அர்த்தம்.

அந்தப் புல்வெளியின் செடிதான் நீலக்குறிஞ்சி. பன்னிரண்டு வருஷம் இலையாகவே இருந்துவிட்டு ஒரே தவணையில் மலை முழுவதும் பூத்து, விதை போட்டு, மடிந்துபோகிற அந்தச் செடி, 1838-லிருந்து எழுத்தில் உள்ள கணக்குப்படி தவணை தவறாமல் வந்திருக்கிறது. 1994, 2006, 2018. கடைசித் தவணையில் மூணாறு மலைகளில் அது பூக்க வேண்டிய சமயத்தில் கேரளத்தையே மூழ்கடித்த பெருமழை பெய்தது. பூவும் அதில் கலைந்தது. பன்னிரண்டு என்று அது எப்படி எண்ணுகிறது என்பதை அது இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த தவணை 2030. நீலகிரியிலோ, கொடைக்கானலிலோ, மூணாற்றிலோ வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இப்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் முதல் உறைபனி என்றைக்கு, கடைசி உறைபனி என்றைக்கு, காட்டுப்பூவரசின் முதல் சிவப்புப் பூ என்றைக்கு என்று வருஷத்துக்கு மூன்று வரி எழுதினால் போதும். தேதியை மட்டும் எழுதுங்கள். காரணத்தை எழுத வேண்டாம்.